டிரில் இறங்காத டமாஸ்கஸ் பட்டை: அறிகுறி பார்த்துப் பதம் இறக்கும் வழி

டமாஸ்கஸ் என்று சொல்லப்படும், இரண்டு வகை எஃகை அடுக்கடுக்காகப் பற்றவைத்த அடுக்கு எஃகுப் பட்டையைச் சாணை பிடித்துக் கத்தி வடிவத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. கைப்பிடி ஆணிகளுக்கு இடம் குறித்து டிரில்லை இறக்கினால் கிறீச்சென்று ஒரு சத்தம். பிட்டின் முனை நீலம் பாய்ந்துவிட்டது, எஃகில் பளபளவென்று ஒரு பொட்டு மட்டும் விழுந்திருக்கிறது. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் பட்டையைச் செக்கச்செவேலென்று காய்ச்சிச் சாம்பலில் புதைத்துவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார்கள். நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். ஒற்றை எஃகில் அது பலன் தரும். அடுக்கு எஃகில் பாதி நேரம் காலையிலும் அதே கிறீச் சத்தம்தான் கேட்கும்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாத் தீர்வுகளும் இதிலிருந்துதான் வருகின்றன. அதிகம் புழங்கும் சேர்க்கை 1084 எஃகும் 15என்20 எஃகும். முதலாவது சாதாரணக் கார்பன் எஃகு. இரண்டாவதில் சுமார் 2 சதவீதம் நிக்கல் இருக்கிறது. அரிப்பானில் (எஃகை அரித்து அடுக்குகளைக் காட்டும் கரைசலில்) போட்டால் வெள்ளிக் கோடாகத் தெரிவது அதுதான். கார்பன் எஃகு சுமார் 727 டிகிரி செல்சியஸில் உள்ளமைப்பு மாறத் தொடங்கும். இந்த வெப்பநிலையைத்தான் கோடு என்கிறேன். இந்தக் கோட்டைத் தாண்டிய எஃகை வேகமாகக் குளிரவிட்டால் கடினமாகும், மிக மெதுவாகக் குளிரவிட்டால் இளகும், அதாவது மென்மையாகும். நிக்கல் இந்தக் கோட்டை ஏறக்குறைய 30 டிகிரி கீழே இறக்கிவிடுகிறது. கூடவே, கொஞ்சம் மெதுவாகக் குளிர்ந்தாலும் கடினமாகிற குணத்தையும் கொடுக்கிறது. ஆக, ஒரே பட்டைக்குள் இரண்டு கோடுகள். ஓர் அடுக்குக்குச் சரியாக இருக்கும் சூடு பக்கத்து அடுக்குக்குக் கூடுதலாகிவிடும்.

அதனால் என் முறை இதுதான்: கோட்டுக்கு மேலே போகவே வேண்டாம். 650 முதல் 670 டிகிரிக்குள் வைத்து, நேரம் கொடுத்து இளக்குங்கள்.

பிட் எங்கே வைத்தாலும் வழுக்குகிறது, அரமும் கண்ணாடியில் தேய்ப்பதுபோல் ஓடுகிறது

பட்டை முழுவதும் கடினமாக இருக்கிறது. எண்ணெயில் முக்கிய பட்டையாக இருக்கலாம். அல்லது கடைசிச் சூட்டில் தட்டி முடித்துக் குளிர்ந்த பட்டடை மேலேயே வைத்துவிட்டிருக்கலாம். 3 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையின் சூட்டைக் குளிர்ந்த இரும்பு சட்டென்று உறிஞ்சிவிடும். நிக்கல் அடுக்குக்கு அதுவே போதும்.

சரி, இது உண்மையில் நல்ல நிலைதான். முழுக் கடினமாக இருக்கும் எஃகுதான் கோட்டுக்குக் கீழான சூட்டில் சீக்கிரம் இளகும். கடின எஃகுக்குள் சிறைப்பட்டிருக்கும் கார்பன் 650 டிகிரியில் நுண்ணிய உருண்டைக் கார்பைடுகளாக (இரும்பும் கார்பனும் சேர்ந்த கடினத் துகள்களாக) திரண்டுவிடும். அந்த உருண்டைகள் மென்மையான இரும்புக்குள் சிதறிக் கிடப்பதால் டிரில் அவற்றைச் சுலபமாகத் தள்ளிக்கொண்டு போகும்.

மின் உலை இருந்தால் வேலை எளிது. பட்டையைக் குளிர்ந்த உலைக்குள்ளேயே வைத்து, உலையோடு சேர்த்தே சூடேற்றுங்கள். முழுக் கடினமான, பதம் வைக்காத (மிதமாகச் சூடேற்றி நொறுங்கும் தன்மையைக் குறைக்காத) எஃகை எரியும் உலைக்குள் திடுமென்று நுழைத்தால் விரிசல் விடலாம். 660 டிகிரியை எட்டியதும் இரண்டு மணி நேரம் வைத்திருங்கள். அப்புறம் எப்படிக் குளிரவிட்டாலும் சரிதான். கோட்டைத் தாண்டாத எஃகுக்குச் சாம்பலும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். உலைக்கு வெளியே எடுத்துக் காற்றில் வைத்தாலே போதும். 60 எச்.ஆர்.சி. (ராக்வெல் கடினத்தன்மை அளவு) இருந்த பட்டை 30-க்குப் பக்கத்தில் வந்துவிடும், சாதாரண ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட் இறங்கும்.

மின் உலை இல்லாமல் எரிவாயு உலையில் செய்வதானால் கண்ணும் காந்தமும்தான் கருவி. ஒரு பக்கம் அடைத்த கனமான இரும்புக் குழாயை உலைக்குள் வைத்துச் சூடாக்கி, பட்டையைக் குழாய்க்குள் வையுங்கள். அப்போது தீ நேராகப் படாது, சூடு சமமாகப் பரவும். துத்தநாகப் பூச்சுள்ள குழாய் மட்டும் வேண்டாம், அதன் புகை நஞ்சு. விளக்கை அணைத்துவிடுங்கள். 650 டிகிரியில் எஃகு நிழலில் மட்டுமே தெரிகிற மங்கிய சிவப்பில் இருக்கும். வெயில் வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்பாகவே தோன்றும். கம்பியில் கட்டிய காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் சரி. காந்தம் பிடி விட்டுவிட்டால் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒட்டுகிறது என்பதற்காக அதற்கு மேலும் ஏற்ற வேண்டாம், ஏனென்றால் நிக்கல் அடுக்கின் கோட்டைக் காந்தம் தனியாகக் காட்டாது. இந்த மங்கிய சிவப்புக்கு ஏற்றிக் கொஞ்ச நேரம் நிறுத்தி, கறுக்கும்வரை ஆறவிட்டு, மறுபடி ஏற்றுங்கள். மூன்று நான்கு முறை செய்தால் துளையிடும் அளவுக்கு இளகும்.

இரவு முழுவதும் சாம்பலில் கிடந்தும் இளகவில்லை, சில இடம் முன்பைவிடக் கடினம்

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்த அறிகுறிதான். ஒரு பட்டையை மூன்று முறை சாம்பலில் புதைத்தேன். மூன்றாம் முறைக்குப் பிறகு துளையிட்டபோது பிட் கொஞ்சம் இறங்கும், நிற்கும், கத்தும், மறுபடி இறங்கும். துளையின் சுவரை அரிப்பானில் நனைத்து உருப்பெருக்கியில் பார்த்தேன். பிட் நின்ற ஒவ்வோர் இடத்திலும் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. நிக்கல் அடுக்குகள் மட்டும் இளகாமல் நின்றிருக்கின்றன.

இரண்டு தவறுகள் சேர்ந்தால் இப்படி ஆகும். முதலாவது, பட்டை கோட்டுக்கு மேலே போயிருக்கிறது. இரண்டாவது, சாம்பல் போதிய அளவு மெதுவாகக் குளிரவிடவில்லை. தடித்த கட்டியாக இருந்தால் தன் சூட்டையே போர்த்திக்கொண்டு மணிக்கணக்கில் ஆறும். கத்திக் கனத்தில் இருக்கும் பட்டையில் அவ்வளவு சூடு கிடையாது. சாம்பலுக்குள்ளும் சில நிமிடங்களில் கறுத்துவிடும். சாம்பல் கொஞ்சம் ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கோட்டுக்கு மேலே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், பட்டையோடு தடித்த இரும்புத் துண்டுகள் இரண்டையும் சேர்த்துக் காய்ச்சி, பட்டையை நடுவில் வைத்து, மூன்றையும் உலர்ந்த வெர்மிகுலைட்டில் (சூட்டைத் தடுக்கும் லேசான கனிமத் துகள்களில்) ஆழமாகப் புதையுங்கள். மின் உலையானால் மணிக்கு 20 டிகிரிக்கு மேல் இறங்காதபடி 600 டிகிரிவரை கொண்டுவந்து அப்புறம் அணையுங்கள்.

நான் இப்போது அப்படிச் செய்வதில்லை. இப்படிப் பாதி இளகிப் பாதி கடினமாக நிற்கும் பட்டையை 800 டிகிரிக்கு ஏற்றி, எண்ணெயில் முக்கி, முழுவதும் கடினமாக்கிவிடுவேன். பட்டை கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே உலையில் வைத்து, 660 டிகிரியில் இரண்டு மணி நேரம். இளக்க வேண்டிய பட்டையை எதற்குக் கடினமாக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் எல்லா அடுக்கும் ஒரே நிலையிலிருந்து கிளம்பினால்தான் ஒரே நிலைக்கு வந்து சேரும். மூன்று முறை சாம்பலில் புதைத்த அந்தப் பட்டையும் இப்படித்தான் வழிக்கு வந்தது. துளையிலிருந்து இரண்டு பக்கமும் சுருள் சுருளாகச் சீவல் எழுந்ததைப் பார்த்தபோது எனக்கு இருந்த நிம்மதி கொஞ்சநஞ்சம் அல்ல.

பாதித் துளைவரை நன்றாக இறங்கியது, திடீரென்று நின்றுவிட்டது

பட்டையை மறுபடி உலையில் போடாதீர்கள். துளையின் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடிபோல் மினுமினுப்பாக இருந்தால், கடினமாக்கியது உங்கள் பிட்தான். மழுங்கிய பிட்டை வேகமாகச் சுற்றவிட்டு லேசாக அழுத்தினால் அது வெட்டாது, தேய்க்கும். தேய்கிற இடம் நொடிகளில் கோட்டுக்கு மேலே சூடேறும். சுற்றியிருக்கும் குளிர்ந்த எஃகு அந்தச் சூட்டை உடனே இழுத்துக்கொள்ளும். எண்ணெயில் முக்கியதற்கும் இதற்கும் பலனில் வித்தியாசம் இல்லை.

புதிதாகத் தீட்டிய கோபால்ட் பிட், குறைந்த வேகம், வெட்டெண்ணெய், நல்ல அழுத்தம். பட்டையைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து துளையிட்டால் அந்த மினுமினுப்புக்குப் பின்பக்கமாக வந்து சேரலாம். அப்படியும் அந்தப் பொட்டு அசையவில்லை என்றால் கார்பைடு பிட்டால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். கார்பைடு பிட்டைக் கையில் பிடிக்கும் டிரில்லில் போட வேண்டாம். சற்றுச் சாய்ந்தாலும் முறிந்து தெறிக்கும். பட்டையை இறுக்கிப் பிடித்த நிலை டிரில்லில்தான் போட வேண்டும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

சீவலைக் கவனிக்கும் பழக்கம் இங்கே பெரிய உதவி. சுருளாக வந்தால் பிட் வெட்டுகிறது. ஊசியூசியாக, நீலமாக வரத் தொடங்கினால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். இன்னும் ஐந்து நொடி அழுத்தினால் மினுமினுப்பு வந்துவிடும்.

அரம் பிடிக்கிறது, டிரில் பிடிக்கவில்லை

மேல்தோல் ஏமாற்றுகிறது. அடுக்குகளைப் பற்றவைக்கும் சூட்டில் பட்டை பலமுறை போய்வந்ததில் மேற்பரப்பின் கார்பன் காற்றோடு போய்விட்டது. மேலே மெல்லிய இளகிய தோல், உள்ளே முழுக் கடினம். ஓரத்தில் ஓர் இடத்தைச் சாணையில் அரை மில்லிமீட்டர் எடுத்துவிட்டு அங்கே அரத்தை வையுங்கள். அந்தத் தீர்ப்பைத்தான் நம்ப வேண்டும்.

பிட் கத்தவில்லை, ஆனால் மணலில் துளையிடுவதுபோல் நெருடுகிறது; நுனி சீக்கிரம் மழுங்குகிறது

அடுக்குகளில் 1095 அல்லது 52100 எஃகு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். கோட்டுக்கு மேலே ஏற்றி மிக மெதுவாகக் குளிரவிட்டால் உபரிக் கார்பன், எஃகுக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகளின் எல்லையில் வலைபோல் கார்பைடாகப் படியும். எஃகு மொத்தத்தில் இளகித்தான் இருக்கும், ஆனால் அந்த வலை பிட்டின் விளிம்பைத் தின்றுவிடும். இதை இப்படியே விட்டுத் துளையை மட்டும் சமாளித்துவிட்டால் கத்தி பின்னால் நொறுங்குகிற குணத்தோடு நிற்கும்.

வலையைக் கரைக்க மறுபடி சூடேற்ற வேண்டும். 1095 என்றால் 870 டிகிரி, 52100 என்றால் 925 டிகிரிவரை ஏற்றிக் காற்றில் ஆறவிடுங்கள். பிறகு 800-க்குப் பக்கத்தில் ஒரு முறை ஏற்றி எண்ணெயில் முக்குங்கள். கடைசியாக வழக்கமான 660 டிகிரி, இரண்டு மணி நேரம். 52100-ல் குரோமியம் இருப்பதால் இன்னொரு மணி நேரம் கூட வைப்பது நல்லது.

இளக்கிய பிறகு பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு

ஊசி முனையால் கோட்டை வருடுங்கள். ஊசி மாட்டினால் அது வெறும் நிறம் இல்லை, பிளவு. அடுத்து அது எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். அடுக்கின் போக்கிலேயே, அடுக்கு வளைகிற இடத்தில் தானும் வளைந்து ஓடினால் பற்றவைப்பு அங்கே முதலிலேயே பிடிக்கவில்லை. செதிலோ வெண்காரமோ உள்ளே மாட்டியிருந்திருக்கிறது. சூடேறி ஆறியதில் அது வாய் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். கோடு அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடினால் அது விரிசல். கடினமான எஃகைத் திடீரென்று சூடாக்கியதாலோ, எண்ணெயில் முக்கிய அன்றைக்கே விழுந்ததாலோ வந்திருக்கும்.

இரண்டையும் பதம் இறக்கிச் சரிசெய்ய முடியாது. விளிம்புக்கு அருகில் மேலோட்டமாக இருந்தால் சாணையில் எடுத்துவிட்டுச் சிறிய கத்தியாக மாற்றலாம். அலகின் நடுவில் இருந்தால் அந்தப் பட்டையைக் கத்தியாக்காதீர்கள். பயன்படுத்துகிறவர் கையில் அது முறியக் கூடாது என்பதில் எனக்குச் சமரசம் கிடையாது.

கத்தி முடிந்துவிட்டது, வால் பகுதியில் மட்டும் துளை வேண்டும்

அலகின் பதத்தைத் தொடாமல் வாலை (கைப்பிடிக்குள் போகும் பகுதியை) மட்டும் இளக்க வேண்டும். கைப்பிடி பொருத்தியிருந்தால் கழற்றிவிடுங்கள். பசையும் மரமும் இந்தச் சூட்டைத் தாங்காது.

வாலையும் அலகின் அடிப்பகுதியையும் உப்புத்தாளால் தேய்த்து வெளுப்பாக்கிக்கொள்ளுங்கள். தேய்த்த எஃகில்தான் சூட்டின் நிறம் ஓடுவது தெரியும். அலகு முழுவதையும் நனைந்த துணியால் சுற்றுங்கள், அல்லது நுனி கீழாக நிறுத்தி அலகு மூழ்கும்வரை தண்ணீரில் வையுங்கள். எரிவாயு டார்ச்சின் தீயை வாலின் கடைக்கோடியில் காட்டுங்கள், அலகுப் பக்கம் திருப்பாதீர்கள். முதலில் வைக்கோல் மஞ்சள், பின் பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலகை நோக்கி நகரும். மஞ்சள் ஏறக்குறைய 205 முதல் 230 டிகிரி, நீலம் 300 டிகிரி ஒட்டி. அலகுக்கு 200 டிகிரியில் பதம் வைத்திருந்தால் மஞ்சள் அலகுக்குள் நுழையவே கூடாது. அது எல்லையைத் தொடுகிறது என்று தெரிந்தால் தீயை எடுத்துவிட்டு, துணியில் இன்னும் தண்ணீர் ஊற்றுங்கள்.

வாலின் துளை இடம் மங்கிய சிவப்புக்கு வந்ததும் தீயை மெல்ல விலக்கி, தானாக ஆறவிடுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். இங்கேயும் பிரகாசமான சிவப்புக்குப் போனால் நிக்கல் அடுக்கு பழிவாங்கும்: பக்கத்திலேயே ஈரத்துணி இருப்பதால் வால் வேகமாகக் குளிர்ந்து மறுபடி கடினமாகும். வால் மட்டும் ஏன் இப்படி என்று கேட்பவர்களில் பலர் செய்திருப்பது இதுதான்.

துளை ஒன்றோ இரண்டோதான் என்றால் நான் சூடாக்கவே மாட்டேன். நேராகக் கார்பைடு பிட்.

டி2, ஓ1, அல்லது துருப்பிடிக்காத எஃகு கலந்த அடுக்குகள்

டி2 போன்றவை காற்றிலேயே கடினமாகிற வகை. கோட்டுக்கு மேலே ஏற்றி வெளியே வைத்தால் போதும், கல்லாகிவிடும். துருப்பிடிக்காத அடுக்குகளில் பெரும்பாலானவையும் அப்படியே. இவற்றுக்கான வெப்ப அளவுகள் மேலே சொன்னவற்றிலிருந்து மாறும், ஆகவே அந்தந்த எஃகின் தயாரிப்பாளர் தரும் வெப்பப் பதனிடல் தாளைப் பார்த்தே செய்யுங்கள். ஓ1 எண்ணெயில் கடினமாகும் வகை. கோட்டுக்குக் கீழான முறை அதற்கு நன்றாகவே பொருந்தும். என்ன எஃகு என்றே தெரியாமல் வாங்கிய பட்டையானால் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி அதில் முதலில் சோதியுங்கள்.

இளக்கியதும் அடுக்குக் கோடுகளின் வடிவம் மங்கிப்போனது

பயப்பட ஒன்றுமில்லை. இளகிய நிலையில் அரிப்பானில் இரண்டு எஃகும் சாம்பல் நிறமாகவே வரும், கறுப்பு வெள்ளை வித்தியாசம் குறைந்து தெரியும். கார்பன் போன மேல்தோல் இருந்தால் இன்னும் மங்கும். நிக்கல் எங்கேயும் கரைந்து போகவில்லை, அது தன் அடுக்கிலேயே இருக்கிறது. சாணையில் தோலை எடுத்து, கடினமாக்கி, பதம் வைத்து மறுபடி ஃபெரிக் குளோரைடில் வைத்தால் 1084 கறுத்து, 15என்20 வெள்ளியாக எழும்பும்.

எல்லாம் நல்லபடி முடிந்தது, ஆனால் கத்தி மறுபடி கடினமாகவில்லை

துளையிட்டு, சீவி, ஆசையாக எண்ணெயில் முக்கி எடுத்தால் அரம் கடிக்கிறது. முதலில் அந்த அரை மில்லிமீட்டர் சோதனை. தோலுக்குக் கீழே கடினமாக இருந்தால் தோலை எடுத்துவிட்டால் முடிந்தது.

உள்ளேயும் இளக்கமாக இருந்தால், கார்பன் இன்னும் அந்த உருண்டைகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. உருண்டைக் கார்பைடு சட்டென்று கரையாது. காந்தம் விட்ட உடனே எடுத்து முக்கினால் பாதிக் கார்பன்கூட வெளியே வந்திருக்காது. 800 முதல் 815 டிகிரியில் ஐந்திலிருந்து பத்து நிமிடம் வைத்திருந்து பிறகு முக்குங்கள். எரிவாயு உலையில் இந்தச் சூட்டைப் பிடித்து நிறுத்த முடியவில்லை என்றால் வேறு வழி இருக்கிறது: துளையிட்ட பிறகு, முக்குவதற்கு முன், பட்டையை 870, 815, 760 என்று இறங்குமுகமாக மூன்று முறை ஏற்றி ஒவ்வொரு முறையும் காற்றில் கறுக்கும்வரை ஆறவிடுங்கள். கார்பைடு நுண்மையாகும், மணிகளும் சிறுக்கும், அப்புறம் குறைந்த நேரத்திலேயே கார்பன் கரைந்துவிடும்.

வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஒரு அடையாளம்: சமையல் உப்பு 801 டிகிரியில் உருகும். காந்தம் விட்ட பிறகு அலகின் மேல் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். வெள்ளைத் துகள்களாகவே நின்றால் இன்னும் சூடு போதாது. பளபளவென்று நீராக ஓடினால், ஐந்து நிமிடம் அப்படியே பிடித்து, எண்ணெய்க்குள் இறக்குங்கள்.